லியோ ஃபென்டர்: சாதாரண மரத்தை நம்பியவர்

மின்சாரக் கிற்றார் செய்பவர்களின் உலகத்தில் மரத்துக்கென்று தனிச் சந்தை ஒன்று இருக்கிறது. பலகையில் புலிவரி ஓடுகிறதா, அலையடித்ததுபோலப் புடைப்புகள் தெரிகின்றனவா, சின்னச் சின்னப் பறவைக் கண்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து விலை வைக்கிறார்கள். ஒரே இன மரத்தின் இரண்டு பலகைகளில் ஒன்று தளபாடக்காரரிடம் சாதாரண விலைக்குப் போகும், மற்றது கிற்றார் செய்பவரிடம் அதைப்போலப் பல மடங்கு விலைக்குப் போகும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் வரி மட்டுமே.

இந்தச் சந்தையைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை மீது ஆர்வம் கூடிக்கொண்டே வந்தது. அவர் லியோ ஃபென்டர். எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் வாசிக்கும் இசைக்குழுப் பொடியனுக்கும் தெரிந்த பெயர். அவன் கையிலிருக்கும் கிற்றார் எந்த நாட்டில் செய்யப்பட்டதாக இருந்தாலும், அதன் உருவம் பெரும்பாலும் ஃபென்டர் தொழிற்சாலையில் பிறந்த உருவத்தின் நகலாகவே இருக்கும். மின்சாரக் கிற்றாரைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யக்கூடிய பொருளாக மாற்றியவர் அவர். ஆனால் அவர் செய்த கிற்றார்களின் வரலாற்றில் அழகிய வரியுள்ள மரத்துக்கான தேடல் என்று ஒன்று கிடையாது. மலிவாகவும் போதுமான அளவிலும் கிடைக்கிற, வாளுக்கும் துளைப்பானுக்கும் இசைந்து கொடுக்கிற மரமே அவருக்குத் தேவைப்பட்டது.

இன்று வரியுள்ள மரத்துக்காகக் காடுகளில் திருட்டு நடக்கிறது. அவர் நம்பிய சாதாரண மரமோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதனால்தான் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான ஒருவரின் வாழ்க்கையை இப்போது திரும்பிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வானொலி திருத்துபவர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபென்டர் 1909 ஓகஸ்ட் 10ஆம் திகதி அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், ஃபுல்லர்டன் நகருக்கு அருகே பிறந்தார். பெற்றோர் தோடம்பழத் தோட்டக்காரர்கள். எட்டு வயதில் கட்டியொன்றினால் இடது கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். பதின்ம வயதில், வாகன மின்வேலை செய்யும் மாமா ஒருவர் ஒரு பெட்டி நிறைய வானொலி உதிரிப்பாகங்களை அனுப்பிவைக்க, சிறுவனுக்கு அதன்பின் வேறு விளையாட்டு இருக்கவில்லை.

ஆனாலும் அவர் படித்தது கணக்கியல். கணக்காளராகவே வேலைக்கும் போனார். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போனது. 1938இல் 600 டொலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு வானொலி திருத்தும் கடையைத் திறந்தார். வானொலிப் பெட்டிகளோடு உள்ளூர் இசைக்குழுக்களின் ஒலிபெருக்கிகளும் பழுதாகி அந்தக் கடைக்கு வரத் தொடங்கின.

ஃபென்டரைப் புரிந்துகொள்ள இந்தக் கடையைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அவர் கிற்றார் வாசிப்பவர் அல்லர். சிறுவயதில் பியானோவும் சக்சபோனும் பழகியிருந்தாலும் கிற்றாரைக் கடைசிவரை வாசிக்கக் கற்கவில்லை. இசைக்கருவி செய்யும் பரம்பரையும் அவருக்கு இல்லை. உடைந்து வந்த பொருட்கள் வழியாகவே அவர் இசைக்குள் நுழைந்தார். எது முதலில் பழுதாகிறது, எதைக் கழற்றுவது கடினம், எந்த இணைப்பு அறுந்துபோகிறது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்தது. ஒரு பொருளின் அழகைவிட அதைத் திறந்து மூடும் வசதியே அவர் கண்ணுக்கு முதலில் பட்டது.

1940களில் டொக் கோஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிற்றார்களையும் ஒலிபெருக்கிகளையும் செய்தார். 1946இல் கோஃப்மன் விலகிக்கொள்ள, ஃபென்டர் தன் பெயரிலேயே தொழிலைத் தொடர்ந்தார்.

கட்டையே கருவி

அந்தக் காலத்து மின்கிற்றார்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்ட மரப்பெட்டிகளாக இருந்தன. தந்தியின் அதிர்வை மரப்பெட்டி பெருக்கிக் கொடுப்பது பழைய கிற்றாரின் வழி. நம்முடைய வீணையின் பலாமரக் குடமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டியவுடன் அந்தப் பெட்டியே பகையாகிவிடுகிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் பெட்டியை அதிரவைக்க, அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போக, காதைத் துளைக்கும் ஊளைதான் மிஞ்சும். கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் எழுகிற அதே ஊளை.

இதற்கு விடை பெட்டியை அகற்றுவது. தந்திக்குக் கீழே இருக்கும் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் உருக்குத் தந்தியின் அசைவைத்தான் மின்சாரமாக மாற்றுகின்றன. அப்படியென்றால் உடல் ஒரு திடமான கட்டையாக இருந்தாலே போதும். இந்த யோசனை ஃபென்டருக்கு மட்டும் வந்ததல்ல. இசைக்கலைஞர் லெஸ் பால் 1940ஆம் ஆண்டளவில் ஒரு சதுரக் கட்டையில் தந்தி கட்டி அதற்குத் ‘தடி’ என்றே பெயர் வைத்திருந்தார். கலிபோர்னியாவிலேயே, மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு அச்சு வார்ப்புகள் செய்த போல் பிக்ஸ்பி என்ற கைவினைஞர் 1948இல் மேர்ல் டிராவிஸ் என்ற புகழ்பெற்ற பாடகருக்காக ஒரு மெலிந்த கிற்றாரைச் செய்து கொடுத்தார்.

பிக்ஸ்பியின் அந்தக் கிற்றார் இந்தக் கதைக்கு முக்கியமானது. அது பறவைக்கண் மேப்பிளில் செய்யப்பட்டது. மேப்பிள் மரங்களில் மிகச் சிலவற்றில் மட்டும் சிறிய வட்டச் சுழிகள் நெருக்கமாகத் தோன்றும். பலகையாக அறுத்து மெருகிட்டால் நூற்றுக்கணக்கான கண்கள் விழித்துப் பார்ப்பதுபோல இருக்கும். பிக்ஸ்பி ஒவ்வொரு கிற்றாரையும் ஒரு நகையைப்போலச் செய்தார். ஒருவர் கேட்டால் ஒன்று செய்வார். அவருடைய கிற்றாருக்காகக் காத்திருந்தவர்களின் வரிசை நீண்டது, செய்து முடித்தவையோ மிகச் சில. ஃபென்டர் டிராவிஸின் கிற்றாரைப் பார்த்துத்தான் தன்னுடையதைச் செய்தாரா என்ற சண்டை இருவரும் இறந்த பின்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், யார் முதலில் என்பதைவிட இருவரும் எங்கே பிரிந்தார்கள் என்பதுதான் சுவையானது. பிக்ஸ்பி ஓர் அபூர்வமான கிற்றாரைச் செய்தார். ஃபென்டர் அபூர்வமாக இருக்கத் தேவையில்லாத கிற்றாரைச் செய்தார்.

1949இல் ஃபென்டர் செய்த முதல் மாதிரியின் உடல் பைன் மரம். பெட்டியடிக்கவும் அலுமாரி செய்யவும் பயன்படும் மரம். 1950இல் விற்பனைக்கு வந்தபோது ஆஷ் என்ற மரத்துக்கு மாறினார். பலகையை உருவத்துக்கு அறுத்து, கம்பிகளுக்கும் சுருளுக்கும் குழி தோண்டி, மேலே ஒரு தகட்டை மூடித் திருகாணி போட்டுவிட்டால் உடல் முடிந்தது. கழுத்து ஒரே துண்டு மேப்பிள். அதைப் பசைபோட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டினார். கழுத்து வளைந்தாலோ தேய்ந்தாலோ கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். இசைக்கருவி செய்யும் பரம்பரையில் வந்தவர்களுக்கு அது தச்சு வேலையாகத் தெரிந்தது, இசைக்கருவியாகத் தெரியவில்லை. பழுதுபார்ப்பவருக்கோ அதைவிட நியாயமான வழி வேறில்லை.

அந்தக் கிற்றாருக்கு முதலில் ‘புரோட்காஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அதேபோன்ற பெயரில் மேளங்கள் விற்றுக்கொண்டிருந்த கிரெட்ச் கம்பனி ஆட்சேபித்ததால் 1951இல் அது ‘டெலிகாஸ்டர்’ ஆனது. அதே ஆண்டில் மின்சார பேஸ் கிற்றாரும் வெளிவந்தது. 1954இல் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ வந்தது. வாசிப்பவரின் விலா எலும்பில் இடிக்காதபடி வளைத்துச் செதுக்கிய உடலும் இரண்டு கொம்புகளும் கொண்ட அந்த உருவத்தைத்தான் உலகம் இன்று மின்கிற்றார் என்றதும் நினைத்துக்கொள்கிறது. வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை எப்படிச் செய்தார் என்று கேட்டால், வாசிக்கத் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான். உள்ளூர்க் கலைஞர்களிடம் மாதிரிகளைக் கொடுத்து, மேடையில் வாசிக்கவிட்டு, குறைகளைக் கேட்டு, மறுநாள் பட்டறையில் அவற்றைச் சரிசெய்வது அவருடைய வழக்கம்.

வர்ணத்துக்குக் கீழே

1956இன் நடுப்பகுதியில் ஃபென்டர் தொழிற்சாலை பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை ஆஷிலிருந்து ஆல்டர் மரத்துக்கு மாற்றியது. ஆஷின் நார்த்துளைகள் பெரியவை. வர்ணம் பூசுமுன் அவற்றை அடைத்து மட்டம்செய்ய வேண்டும். ஆல்டரில் அந்த வேலை மிகக் குறைவு. ரேகை வெளியே தெரியும்படி இளமஞ்சளில் மெல்லப் பூசும் கிற்றார்களுக்கு மட்டும் ஆஷைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். இன்று ரசிகர்கள் ஆஷின் ஒலி, ஆல்டரின் ஒலி என்று இரவிரவாக விவாதிக்கிறார்கள். அந்தப் பிரிவினை தொடங்கிய இடம் வர்ணம் பூசும் அறை.

அமெரிக்காவின் பசுபிக் கரையோரத்தில் ஆல்டர் கேட்பாரற்று வளர்ந்த மரம். வனத்துறையினர் நெடுங்காலம் அதைக் களை மரம் என்றே கணக்கில் எடுத்தார்கள். அந்தக் களையைத்தான் ஃபென்டர் இரண்டு மூன்று துண்டுகளாக ஒட்டி, உருவம் வெட்டி, வாகனங்களுக்குப் பூசும் வர்ணத்தைப் பூசினார். சிவப்பு, இளநீலம், கடல்நுரைப் பச்சை எல்லாம் அந்தக் கால அமெரிக்கக் கார்களின் நிறங்கள். வர்ணத்துக்குக் கீழே எத்தனை துண்டுகள், எந்தத் துண்டில் என்ன ரேகை என்பது வாங்குபவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. எப்போதாவது ஒரு கழுத்தில் புலிவரியோ பறவைக்கண்ணோ வந்து விழுந்தது உண்டு. அது குவியலில் அடுத்ததாக இருந்த மரம், அவ்வளவுதான்.

வரியுள்ள மரத்தின் கதை வேறு தொழிற்சாலையில் தொடங்கியது. ஃபென்டரின் போட்டியாளரான கிப்சன் கம்பனி 1952இல் லெஸ் பாலின் பெயரில் ஒரு கட்டைக் கிற்றாரைக் கொண்டுவந்தது. மஹோகனி உடலின்மேல் வயலின்போல வளைத்துச் செதுக்கிய மேப்பிள் தகடு, அதற்குமேல் பொன்னிற வர்ணம். விற்பனை விழுந்ததும் 1958இல் பொன்னிறத்தை விட்டுவிட்டு, மரம் தெரியும்படி செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய பூச்சுக்கு மாறினார்கள். அப்போதுதான் மேப்பிளின் வரி வெளியே வந்தது. சில கிற்றார்களில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் தீ நாக்குகள் எரிவதுபோல வரிகள். வாங்குவோர் அன்று அதற்காக முண்டியடிக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் 1,700க்கும் குறைவாகவே விற்று, 1960இல் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னர் எரிக் கிளப்டன் போன்ற பிரித்தானியக் கலைஞர்கள் அந்தப் பழைய கிற்றார்களைத் தேடிப்பிடித்து வாசிக்க, ரசிகர்களுக்கு அந்த ஒலியும் அந்த வரியும் ஒன்றாகிப்போயின. இன்று அவை லட்சக்கணக்கான டொலருக்குக் கைமாறுகின்றன. வரி எவ்வளவு ஆழமோ விலையும் அவ்வளவு உயரம்.

மரத்துக்குள் இருக்கும் பட்டு

அந்த வரி என்னவென்று விளங்கிக்கொள்ள ஒரு பட்டுச் சேலையை நினைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் திருப்பும்போது ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் ஊதாவாகவும் மின்னும் சேலை. மரத்திலும் அதே கண்கட்டுத்தான். சாதாரண மரத்தில் நார்கள் நேராக மேலெழுகின்றன. சில மரங்களில் அவை அலையலையாக நெளிந்து வளர்கின்றன. அந்த மரத்தை அறுக்கும்போது வாள் சில நார்களைக் குறுக்காகவும் சிலவற்றை நெடுக்காகவும் வெட்டுகிறது. குறுக்காக வெட்டுப்பட்டவை ஒளியை விழுங்கிக் கருமையாகத் தெரிகின்றன. நெடுக்காக வெட்டுப்பட்டவை ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பலகையைச் சாய்த்தால் இருளும் ஒளியும் இடம் மாறும். அதில் தனியான நிறம் ஏதும் இல்லை.

வரியைக் கண்டுபிடிப்பதில் அறுப்பவரின் கைக்கும் பங்கிருக்கிறது. புலிவரி முழுமையாகத் தெரிய வேண்டுமென்றால் மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஆரைவாக்கில் அறுக்க வேண்டும். பஞ்சு மெத்தையில் தையல் போட்டதுபோன்ற புடைப்பு வேண்டுமென்றால் வளையங்களைத் தழுவியபடி தட்டையாக அறுக்க வேண்டும். தவறான பக்கத்தில் வாளை வைத்தால் வரி கலைந்துவிடும். பிறகு அந்தத் துண்டை நடுவில் பிளந்து புத்தகம்போல விரித்தால், இடதும் வலதும் ஒன்றையொன்று பார்க்கும் கண்ணாடிப் பிம்பங்களாக அமையும். கிற்றாரின் முகப்பில் ஒட்டுவது இதைத்தான்.

நிற்கும் மரத்தில் வரி இருக்கிறதா என்று அறிவது கடினம். அனுபவசாலிகள் அடிமரத்தின் மேற்பரப்பில் நெளிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நிச்சயமாக அறிய வேண்டுமானால் பட்டையை உரித்து அடியிலிருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும். அனுமதியோடு தன் காணியில் செய்பவருக்கு அது ஒரு சோதனை. அனுமதியில்லாமல் அரச காட்டில் செய்பவருக்கு அது திருட்டின் முதல் படி.

2018இல் வொஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசிய வனத்தில் அகன்ற இலை மேப்பிள் மரங்களை ஒரு குழு இரகசியமாக வெட்டிக்கொண்டிருந்தது. ஆசைப்பட்ட மரமொன்றில் கூடு இருந்தது. பூச்சிகளை விரட்ட எரிபொருள் ஊற்றித் தீ வைத்தார்கள் என்பது வழக்குத்தொடுநர்களின் வாதம். அந்த ஓகஸ்டில் தொடங்கிய தீ சுமார் 3,300 ஏக்கர் காட்டை எரித்தது. மரத்தை வாங்கிய ஆலையில் இருந்த பலகைகளின் மரபணுவையும் காட்டில் எஞ்சிய அடிக்கட்டைகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மரங்கள் என்று நிரூபித்தார்கள். அமெரிக்க மத்திய நீதிமன்ற விசாரணையொன்றில் மரத்தின் மரபணு சாட்சியாக வந்தது அதுவே முதல் தடவை. 2021இல் ஜூரிகள் ஒருவரை மரத் திருட்டுக்கும் கடத்தலுக்கும் குற்றவாளியாகக் கண்டார்கள். தீ வைத்த குற்றச்சாட்டில் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை. வரியுள்ள அந்த மேப்பிளுக்கு அத்தனை கிராக்கி ஏன் என்பதற்கு நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட காரணம் இசைக்கருவிகள்.

விற்றபின்னும் ஓயாதவர்

ஃபென்டரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1950களிலிருந்து அவருக்குத் தொற்று நோயொன்று விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நீண்டகாலம் உயிரோடிருக்க மாட்டோம் என்று நம்பி 1965 ஜனவரியில் கம்பனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றுவிட்டார். அதன்பின் வேறொரு வைத்தியரின் சிகிச்சையில் நோய் குணமானது. பெயரை விற்றுவிட்ட மனிதருக்கு வாழ்க்கை மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயர் உலகப் புகழ் அடைந்தது அதன்பிறகுதான். 1969இல் வூட்ஸ்டொக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரை வைத்து அமெரிக்க தேசிய கீதத்தைக் கிழித்துத் தைத்தபோது, அதன் வடிவத்தைக் கொடுத்தவருக்கு அந்தக் கம்பனியில் உரிமை எதுவும் இல்லை. 1970களில் அவர் மியூசிக் மேன் என்ற கம்பனிக்காக வேலை செய்தார். பின்னர் பழைய நண்பர் ஜோர்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற கம்பனியைத் தொடங்கினார். முன்பு செய்ததையே இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று பிடிவாதமாகக் காந்தங்களையும் பாலங்களையும் மாற்றிக்கொண்டிருந்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய காலத்திலும் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991 மார்ச் 21இல் இறந்தார். முதல்நாள்கூட வேலைக்குப் போயிருந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1987இல், ஃபென்டர் பெயர் கொண்ட கம்பனி தனிச் சிறப்புக் கிற்றார்களுக்கென ஒரு பட்டறையைத் திறந்தது. அங்கே ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முகப்பில் வரியுள்ள மேப்பிள் ஏறியது. கார் வர்ணம் பூசிய களை மரத்தில் பிறந்த கிற்றார், கடைசியில் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டது.

இதில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. அழகான மரத்தை விரும்புவது குற்றமல்ல. பிக்ஸ்பியின் கைவேலையையோ, ஆலைக் குவியலில் நாள்முழுக்கத் தேடி ஒரு நல்ல பலகையைக் கண்டெடுக்கும் சிறு கைவினைஞரின் பொறுமையையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விலையும் இசையும் ஒரே வழியில் போவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2019 ஜூனில் பிங்க் ஃபுளோயிட் குழுவின் டேவிட் கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஏலத்தில் விட்டார். அது 39 லட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. அதன் உடல் ஆல்டர். முதலில் பூசிய வர்ணத்தை மறைத்துக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டது. உள்ளே என்ன வரி இருக்கிறதென்று பார்க்க முடியாத கட்டைக்குத்தான் அந்த விலை. ஏலத்தில் கிடைத்த பணத்தை அவர் காலநிலை மாற்றத்துக்கு எதிராகச் சட்டப் போராட்டம் நடத்தும் அமைப்பொன்றுக்குக் கொடுத்தார்.

சாதாரணம் அரிதாகும்போது

ஃபென்டர் நம்பிய ஆஷின் கதை வேறுவிதமாக முடிந்துகொண்டிருக்கிறது. மிசிசிப்பி ஆற்றின் தென்பகுதிச் சதுப்புகளில் வளரும் ஆஷின் அடிப்பகுதி இலேசானது. ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரில் நின்று வளர்வதால் அப்படி. அதனால் கிற்றாருக்கு ஏற்றது. 2002இல் ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்குள் சுரங்கம் தோண்டி, மரம் உணவும் நீரும் கொண்டுசெல்லும் பாதைகளை அறுத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் நின்றபடியே சாகும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிச் செத்துப்போயின. 2017இல் வட அமெரிக்காவின் ஐந்து ஆஷ் இனங்கள் மிக மோசமான ஆபத்தில் உள்ளவையாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டன. வண்டோடு மிசிசிப்பியின் நீண்ட வெள்ளங்களும் சேர்ந்து மரம் வெட்டும் காலத்தைச் சுருக்கின. 2020இல் ஃபென்டர் கம்பனி தன் வழமையான கிற்றார்கள் பெரும்பாலானவற்றில் ஆஷைக் கைவிடுவதாக அறிவித்தது.

எழுபது ஆண்டுகளுக்கு முன் மலிவு என்பதற்காகவும் கிடைக்கிறது என்பதற்காகவும் எடுத்த மரம் இன்று சிறப்புப் பதிப்புகளுக்கு மட்டும் ஒதுக்கப்படும் அரும்பொருள். அதன் ரேகை மாறவில்லை. அதைத் தாங்கியிருந்த காடுதான் மாறிவிட்டது.

வன்னியில் முதிரைக் கடத்தல் செய்திகளை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வருகிறது. முதிரையும் ஒளிபட்டால் பட்டுப்போல மின்னும் மரம். பிரித்தானியர் காலத்தில் அதன் வரியுள்ள பலகைகள் கப்பலேறிச் சீமைத் தளபாடங்களை அலங்கரித்தன. ஆனால் எங்கள் அப்பப்பா காலத்து வீடுகளில் அது கதவும் நிலையும் வளையும்தான். வைரம் பாய்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்களே தவிர, வரியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அப்போது அது சாதாரண மரம். இன்று ஒரு முதிரைக் குற்றிக்காக இரவில் காட்டுக்குள் போகிறவனும், சோதனைச் சாவடியில் அவனைப் பிடிக்கிற அதிகாரியும், மறுநாள் அதைச் செய்தியாக்குகிற நானும் அதன் அருமையை அறிந்திருக்கிறோம். அருமை தெரியவந்த நேரத்தில் மரம் குறைந்துபோயிருக்கிறது.

லியோ ஃபென்டர் சூழலியலாளர் அல்லர். மலிவான மரத்தை எடுத்தது காட்டின் மீதான அக்கறையாலும் அல்ல, கணக்காளரின் சிக்கனத்தாலும் திருத்துபவரின் பழக்கத்தாலும்தான். என்றாலும் அவர் விட்டுப்போன வேலையில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சிறந்த இசைக்கு அபூர்வமான மரம் கட்டாயமில்லை என்பதை அவருடைய கிற்றார்கள் எழுபது ஆண்டுகளாக மேடைமேடையாக நிரூபித்துவருகின்றன. கிற்றார் செய்கிற சிலர் இப்போது மறுபடி பைன் பலகைக்கும், இடித்த வீடுகளின் பழைய வளைகளுக்கும் திரும்பியிருக்கிறார்கள். வரியுள்ள ஒரு மரத்தைத் தேடிக் காட்டுக்குள் நுழையுமுன், வரியில்லாத நூறு மரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றனவா என்று ஒருதடவை எண்ணிப் பார்ப்பது நல்லது. அபூர்வம் பிறப்பது அந்த நூறில் இருந்துதான்.